லெனி குக்: முதலிடத்தில் இருந்தவர் பட்டியலிலேயே இல்லாமல் போன கதை

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்பிஏ, அதன் அணிகள் ஆண்டுதோறும் புது வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2002 ஜூன் 26 அன்று நடந்த டிராஃப்டில் முதலில் அழைக்கப்பட்டவர் யாவ் மிங். ஒன்பதாவதாக அமாரே ஸ்டூடமையர், பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர். இரண்டு சுற்றும் முடிந்தன. லெனி குக் என்ற பெயர் கடைசிவரை வரவே இல்லை.

ஒரு வருடம் முன்பு நிலைமை வேறு. அமெரிக்காவில் பள்ளி அளவில் கூடைப்பந்து ஆடுகிற பையன்களை வரிசைப்படுத்துவதே தொழிலாக வைத்திருக்கிற ஆட்கள் உண்டு, அவர்கள் போட்ட பல பட்டியல்களில் குக்தான் உச்சியில் இருந்தார். அதே ஆண்டு பள்ளி முடிக்கவிருந்த அமாரேவும் கார்மெலோ ஆன்தனியும் அவருக்குக் கீழே. அப்படி இருந்தவர் எப்படி யாருக்கும் வேண்டாதவர் ஆனார்?

இந்தக் கதையைத் தெரிந்தவர்கள் பொதுவாக ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: படிப்பை விட்டான், விளையாட்டையே நம்பினான், கெட்டான். எனக்கு அது சோம்பேறித்தனமான வாசிப்பாகத் தோன்றுகிறது. அதே வருடம் அதே முடிவை எடுத்த அமாரே அடுத்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கினார். படிப்பில் அவரும் பெரிய ஒழுங்கு கிடையாது, பள்ளிக்கு மேல் பள்ளி மாறியவர். ஆக, படிப்பை விட்டதால் தோற்றார் என்று சொன்னால் கணக்கு உதைக்கிறது. வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைத்தான் தேடிப் பார்க்கிறேன்.

குக் நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தவர். குடும்பம் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தபோது அவர் கூடப் போகவில்லை. நியூஜெர்சியில், கூட ஆடிய ஒரு பையனின் அம்மா தன் வீட்டில் தங்க வைத்து அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிப் படிப்பில் அதற்குள்ளேயே அவர் பின்தங்கியிருந்தார். பல பள்ளிகள் மாறியதில் வகுப்பும் வயதும் பொருந்தாமல் போயின, அது சாதாரண விஷயம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. பள்ளிப் போட்டிகளில் ஆட வயது வரம்பு உண்டு. குக் 1982 ஏப்ரலில் பிறந்தவர், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும்போதே 19 வயது ஆகிவிட்டது. கடைசி வருடம் பள்ளி அணியில் ஆட முடியாது.

சொல்லப்போனால் முதல் அடி விழுந்தது இங்கேதான். படிப்பில் ஏற்பட்ட தாமதம் ஆட்டத்தையே வந்து அடித்தது. படிப்பு வேறு, விளையாட்டு வேறு, ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க மாட்டார்கள். அவர் ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இருந்தபோது யாராவது ஒருவர் உட்கார்ந்து, "தம்பி, இந்தப் பாடத்தை இந்த வருடமே முடித்துவிடு, இல்லாவிட்டால் கடைசி வருடம் ஆட முடியாமல் போகும்" என்று தேதி போட்டுச் சொல்லியிருந்தால்? அப்படி யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆட்டத்தைப் பற்றி அறிவுரை சொல்ல மட்டும் ஊர்ப்பட்ட ஆள் இருந்தார்கள்.

2001 ஜூலைக்கு வருவோம். நியூஜெர்சியில் டீனெக் என்ற ஊரில் ஒரு பல்கலைக்கழக உள்ளரங்கம். ஏபிசிடி கேம்ப் என்று ஒன்று அங்கே நடக்கும், நாட்டின் தலைசிறந்த பள்ளிப் பையன்களை ஒரே இடத்தில் கூட்டி ஆடவிடுவார்கள். நடத்தியவர் சானி வக்காரோ, பணம் போட்டது ஒரு ஷூ கம்பெனி, அப்போது அடிடாஸ். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கல்லூரி கோச்கள், என்பிஏ ஆட்கள், பத்திரிகைக்காரர்கள். ஷூ கம்பெனிக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டால், 1996 கேம்பைச் சொன்னால் போதும். பட்டியலில் எங்கோ கீழே கிடந்த டிரேசி மெக்ரேடி அந்தச் சில நாட்களில் எல்லாருடைய கண்ணிலும் பட்டார், அடுத்த ஆண்டே டிராஃப்டில் ஒன்பதாவது இடம், கூடவே அடிடாஸோடு பெரிய ஒப்பந்தம். சில நாள் ஆட்டத்தில் ஒருவரின் விலை அத்தனை ஏறும் என்றால், அதே சில நாளில் இன்னொருவரின் விலை இறங்கவும் செய்யும். இறங்குகிறவனைப் பற்றி யாரும் விளம்பரம் எடுப்பதில்லை.

குக் அங்கே ராஜாவாகப் போனார். எதிரணியில் 16 வயது லெப்ரான் ஜேம்ஸ், பின்னாளில் என்பிஏயின் பெரிய நட்சத்திரம், அப்போது குக்கைவிட ஒரு வகுப்பு இளையவர். ஆட்டம் கடைசி வினாடிகள் வரை இழுத்தது, குக் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து லெப்ரான் கையில், எதிரே மறித்து நின்றது குக். லெப்ரான் ஓடிவந்த வேகத்திலேயே, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தபடி, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். நேரம் முடிந்ததும் பந்து வளையத்துக்குள் விழுந்ததும் ஒன்றாக. 85க்கு 83. லெப்ரான் எடுத்தது 24 புள்ளி, குக் எடுத்தது 9.

ஒரு ஆட்டம் சார், ஒரே ஒரு ஆட்டம். ஒரு நாள் சரியாக ஆடாமல் போவது எந்த வீரருக்கும் நடக்கிற சங்கதி. ஆனால் வயது வரம்பு காரணமாக அடுத்த சீசனில் குக்குக்குப் பள்ளி ஆட்டம் இல்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். டிராஃப்டுக்கு முன்னால் தேர்வாளர்கள் மனதில் கடைசியாகத் தங்கிய பெரிய படம் அதுவாகிவிட்டது, அதை அழித்து எழுத அவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. லெப்ரானுக்கோ அதற்குப் பிறகும் இரண்டு முழு வருடம் பாக்கி இருந்தது.

அந்த ஒரு வருடத்தில்தான் சுற்றியிருந்த கூட்டம் பெருகியது. நியூஜெர்சி வீட்டை விட்டு, பள்ளியை முடிக்கிறேன் என்று மிஷிகனுக்குப் போனார். கல்லூரிகள் வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் ஏஜென்ட் ஒருவரோடு கையெழுத்துப் போட்டு, டிராஃப்டில் பெயர் கொடுத்தார்.

இந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தக் கதையின் சுருக்கும் இதில்தான் மாட்டியிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்சிஏஏ என்ற அமைப்பு. அன்றைய விதிப்படி ஏஜென்டோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் நீங்கள் தொழில்முறை ஆள், கல்லூரி அணிக்கு இனி ஆட முடியாது. அணிக்கு ஆட முடியாது என்றால் ஸ்காலர்ஷிப் கிடையாது. ஸ்காலர்ஷிப் கிடையாது என்றால் குக் மாதிரியான பின்னணியில் வந்தவருக்குக் கல்லூரியே கிடையாது என்றுதான் அர்த்தம். அதாவது அந்தக் கையெழுத்து என்பிஏ கதவைத் திறக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் கல்லூரிக் கதவை மூடும் என்பது மட்டும் விதிப்புத்தகத்தில் அச்சிட்டே இருந்தது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை என்பார்களே, இங்கே அரசன் வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை.

டிராஃப்டில் எடுக்கப்படாத பிறகு நடந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். கோடைக்கால லீக், சின்னச் சின்ன உள்நாட்டு லீக்குகள், பிலிப்பைன்ஸ், சீனா. 2004 டிசம்பரில் ஒரு கார் விபத்து, கோமா, காலில் பலத்த காயம். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஆடிப் பார்த்தார். என்பிஏயில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. விபத்தை வைத்து இந்தக் கதையைச் சோகக் காவியமாக்குகிறவர்கள் உண்டு, ஆனால் விபத்துக்கு இரண்டரை வருடம் முன்பே கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டுவிட்டன.

சரி, அழுத்தம் என்று எதைச் சொல்கிறோம்?

யாரும் குக்கின் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பள்ளிக்குப் போகாதே என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். கோச் பாராட்டுவார், பத்திரிகை அட்டையில் போடும், கம்பெனி ஷூ அனுப்பும், ஏஜென்ட் சாப்பிட அழைத்துப் போவார், நண்பர்கள் "நீ போய்ட்டா நாங்கல்லாம் தப்பிச்சோம்" என்பார்கள். எல்லாமே இனிப்பாக வருவதுதான் இந்த அழுத்தத்தின் இலட்சணம். எதிர்ப்பு இருந்தால் ஒரு பதினேழு வயதுப் பையனுக்கு முறைத்துக்கொள்ளத் தெரியும். பாராட்டை எதிர்த்து எப்படி முறைப்பது?

இந்த ஆட்கள் ஒவ்வொருவரும் எதைப் பணயம் வைத்தார்கள் என்று பார்த்தால் எனக்குத் தெளிவாகிறது. ஷூ கம்பெனி ஒரு கேம்பில் இருநூறு பையன்களைக் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவன் கோபி பிரையன்ட்டாக வந்தால் போதும், மற்றவர்களுக்குச் செலவான ஷூ விளம்பரக் கணக்கில் போய்விடும். ஏஜென்டுக்குப் பத்துப் பேர் கைவசம், ஒன்பது பேர் சோடை போனாலும் பத்தாமவனின் கமிஷனில் பிழைப்பு ஓடும். பட்டியல் போடுகிறவர் அடுத்த வருடம் புதுப் பட்டியல் போடுவார், போன வருடம் தவறாகச் சொன்னதை யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? எல்லாரும் பல குதிரைகள் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கட்டியிருக்கிறார்கள். குதிரைக்குத்தான் ஒரே ஒரு ஓட்டம். "துணிந்து போ" என்று சொல்கிறவருக்குத் துணிச்சல் தேவைப்படுவதே இல்லை, போகிறவனுக்கு மட்டும்தான் தேவை.

இதில் பெற்றோரையும் விட்டுவிட முடியாது, ஆனால் அவர்கள் நிலை வேறு. அவர்களும் பையனைப் போலவே எல்லாவற்றையும் ஒரே குதிரையில் கட்டியவர்கள்தான், அதனால்தான் அவர்களுக்குச் சந்தேகம் கேட்கவே பயம். எதிர்காலத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இப்போது அதே 2002 கூட்டத்தில் இன்னொருவரைப் பார்ப்போம். கார்மெலோ ஆன்தனிக்கும் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு மதிப்பெண் தகராறு இருந்தது. பள்ளி மாறினார், தேர்வை எழுதி வேண்டிய மதிப்பெண் எடுத்தார், சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஒரே ஒரு வருடம் ஆடினார். 2003 ஏப்ரலில் சிரக்யூஸ் தேசியப் பட்டம் வென்றது, ஜூனில் டிராஃப்டில் மூன்றாவது ஆளாகப் போனார். இதைக் "கல்வியின் வெற்றி" என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். ஒரு வருடத்தில் அவர் என்ன பெரிதாகப் படித்துவிட்டார்? அவருக்குக் கிடைத்தது கல்வி இல்லை, ஆடிக் காட்ட ஒரு சீசன். குக்குக்கு இல்லாமல் போனதும் அதேதான்.

உண்மையிலேயே கல்விக்காக நின்றவர் என்றால் டிம் டங்கனைச் சொல்லலாம். படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அம்மா அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு காலமாகிவிட்டார். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியல் பட்டம் வாங்கிக்கொண்டு, 1997 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டங்கனை எல்லாருக்கும் உதாரணமாக நீட்டுவதும் சரியில்லை, முன்னதாகவே போயிருந்தாலும் அவரை எடுத்திருப்பார்கள். காத்திருந்து நஷ்டப்படாத அளவுக்குத் திறமை இருந்தவர் அவர். காத்திருக்கும்போது முட்டி போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்கிற பையனின் பயம் நியாயமான பயம், அதை அற்பமாகத் தள்ளக்கூடாது.

1995இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேராகப் போனதிலிருந்து 2005 வரை இப்படிப் பள்ளியிலிருந்தே டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள் நாற்பது பேருக்கு நெருக்கம். கார்னெட், கோபி, மெக்ரேடி, லெப்ரான், டுவைட் ஹவர்ட் என்று நமக்குப் பெயர்கள் வரிசையாக வரும். கோர்லியோன் யங் என்ற பெயர் வருமா? 1998இல் நாற்பதாவது ஆளாக எடுக்கப்பட்டார், டெட்ராய்ட் அணி. முதல் சுற்றில் போனால் சம்பளத்துக்கு உத்தரவாதம் உண்டு, இரண்டாம் சுற்றில் கிடையாது. அவர் போனது இரண்டாம் சுற்று. என்பிஏயில் மொத்தம் 3 ஆட்டம், 13 புள்ளி. இவர்களாவது எடுக்கப்பட்டார்கள். பெயர் கொடுத்து எடுக்கப்படாமல் போனவர்கள் குக்கைப் போல, எண்ணிக்கையிலேயே வரமாட்டார்கள்.

2005இல் என்பிஏ ஒரு விதி கொண்டுவந்தது: டிராஃப்ட் நடக்கிற ஆண்டில் 19 வயது ஆக வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். 2006 டிராஃப்ட் முதல் அமல். பையன்களைப் படிக்க வைத்த மாதிரித் தெரியும். நடந்தது என்ன? ஒரு வருடம் கல்லூரியில் பெயருக்குச் சேர்வது, முதல் செமஸ்டரில் அணியில் நீடிக்கத் தேவையான மதிப்பெண் மட்டும் எடுப்பது, வசந்தத்தில் தேசியப் போட்டி, முடிந்ததும் பெட்டியைக் கட்டுவது. வகுப்பறை ரயில் நிலையக் காத்திருப்பு அறை மாதிரி ஆனது. தங்கிப் படிக்கிறவர்களுக்கும் நேரம் எங்கே? வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று என்சிஏஏ விதி இருக்கிறது, பயணம் அதில் சேராது. வெளியூர் ஆட்டத்துக்கு விமானத்தில் போய்த் திரும்புகிற இரண்டு நாள் கணக்கிலேயே இல்லை.

வயது வரம்பே வீண் என்றும் சொல்ல மாட்டேன். டென்னிஸைப் பாருங்கள். ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990 மார்ச்சில், 14 வயது நிரம்பச் சில வாரங்கள் இருக்கும்போதே தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, 1992இல் ஸ்டெஃபி கிராஃபை வென்று ஒலிம்பிக் தங்கம். 17 வயதில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கினார், போலீஸ் வழக்கு, போதைப்பொருள் என்று செய்தி வந்தது. பிறகு மீண்டு வந்து 2001இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு ஓபன்களை வென்றார் என்பது தனிக்கதை. அவருக்கு நடந்ததைப் பார்த்துத்தான் பெண்கள் டென்னிஸ் அமைப்பு, சின்ன வயதுக்காரர்கள் வருடத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம், வயது ஏற ஏறக் கூட்டிக்கொள்ளலாம் என்று விதி செய்தது. எனக்கு இது என்பிஏ விதியைவிடப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கதவை ஒரு நாள் வரை பூட்டிவைத்து, பிறகு முழுக்கத் திறந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார்கள்.

அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃப்ரெடி அடுவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பள்ளியை முடித்துவிட்டால் போதும்" என்கிறவர்களுக்கு அவர்தான் பதில். சின்னப் பையனாக இருந்தபோதே இத்தாலியின் பெரிய கால்பந்துக் கிளப்பிலிருந்து கேட்டு வந்தார்கள், அவருடைய அம்மா மறுத்துவிட்டார். பல வேலைகள் பார்த்துக் குடும்பத்தை ஓட்டிய பெண்மணி. அப்புறம் துரிதப் பாடத்திட்டத்தில் பள்ளிப் படிப்பை முடித்தே விட்டார் பையன், 14 வயதில்! 2004இல் அந்த வயதிலேயே அமெரிக்கக் கால்பந்து லீக்கில் டிசி யுனைடெட் அணிக்கு ஆடினார், லீக்கிலேயே அதிகச் சம்பளம், பேலேவோடு விளம்பரம். சான்றிதழ் இருந்தது. ஆனால் பதினான்கு வயதில் வேலைக்குப் போய் நிற்கிற ஒருவனுக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு உதவும்? கூட உட்கார்ந்து படிக்க ஒத்த வயதுக்காரர்கள் இல்லை, தவறு செய்து பார்க்க இடம் இல்லை. போர்ச்சுகல், பிரான்ஸ், கிரீஸ், துருக்கி, பிரேசில், செர்பியா, பின்லாந்து என்று கிளப் கிளப்பாக மாறி, கடைசியில் ஸ்வீடனின் மூன்றாம் நிலை அணியில் 2021இல் முடிந்தது. அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, நாட்டு அணிக்கு 17 முறை ஆடியவர். பதினான்கு வயதில் அடுத்த பேலே என்று சொல்லிவிட்டதால் அது தோல்வி மாதிரித் தெரிகிறது, அவ்வளவுதான்.

உருப்படியான வேலை நடப்பது ஒப்பந்தங்களில் என்று நினைக்கிறேன். கனடாவின் மேற்கத்திய ஐஸ் ஹாக்கி ஜூனியர் லீக்கில், பையன் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரிச் செலவை லீக் ஏற்கிறது. அமெரிக்க பேஸ்பாலில் பள்ளியிலிருந்து எடுக்கப்படுகிறவர்கள் கல்லூரிச் செலவைக் கையெழுத்துப் போடும்போதே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம், ஆட்டத்தை விட்ட இரண்டு வருடத்துக்குள் கல்லூரிக்குப் போய்விட வேண்டும் என்பது நிபந்தனை. 2021இல் தொடங்கிய ஓவர்டைம் எலீட் என்ற கூடைப்பந்து லீக், பதின்ம வயதுக்காரர்களுக்குச் சம்பளமும் கொடுத்து, தொழில்முறைக்குப் போகாதவர்களுக்குப் படிப்புக்கென்று தனித் தொகையும் வைத்தது. என்சிஏஏகூட 2018இல் விதியைத் தளர்த்தியது, எடுக்கப்படாத சில வீரர்கள் கல்லூரி அணிக்குத் திரும்பி வரலாம் என்று. குக்குக்குப் பதினாறு வருடம் தாமதம்.

இவை எல்லாம் தானதர்மம் இல்லை. பணயத்தில் ஒரு பங்கைப் பெரியவர்கள் பக்கமும் நகர்த்துகிற ஏற்பாடு. தோற்றால் எங்களுக்கும் செலவு என்ற நிலை வந்தால்தான் ஒரு கிளப் பதினாறு வயதுப் பையனைப் பார்த்து "இவன் கட்டாயம் வருவான்" என்று சொல்வதற்கு முன் ஒரு முறை யோசிக்கும்.

குக் பின்னாளில் இளம் வீரர்களைச் சந்தித்துத் தன் கதையைச் சொல்லிவருகிறார். அவரைப் பற்றி 2013இல் ஒரு ஆவணப்படமும் வந்தது. கேட்கிற பையன்கள் அவரைப் பார்த்துவிட்டு என்ன நினைப்பார்கள்? "நான் லெப்ரானாக வருவேன்" என்றுதான். அந்த வயதில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், அதில் தப்பில்லை. அதனால் இந்தப் பேச்சைப் பையன்களிடம் பேசுவதைவிட அவர்கள் வீட்டுக்கு ஒப்பந்தத்தோடு வருகிறவரிடம் பேசுவது பயனுள்ளது. உங்கள் வீட்டுக்கு அப்படி ஒருவர் வந்தால் காகிதத்தை வாங்கி, "ஆட்டம் அமையாவிட்டால்" என்று தொடங்குகிற வரி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாருங்கள்.